லிட்டருக்கு மூணு

ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் மைலேஜைக் கூட்டிச் சொல்வார்கள். எங்கள் கூட்டத்தில் குறைத்துச் சொல்வோம். "என் ஜோங்கா லிட்டருக்கு நாலு குடுக்குது" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஹவில்தார் மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நாலா? என்ன மாப்ள, கார்புரேட்டர மாத்திட்டியா?" துக்கம் விசாரிக்கிற குரல். அன்றிலிருந்து மூணு என்றே சொல்லிவருகிறேன்.

போடியில் ஞாயிறு காலை டீக்கடை வாசலில் கூடுகிற பழைய வண்டிப் பைத்தியங்கள் நாலு பேர் நாங்கள். ஜோங்கா என்றால் ஏதோ ஆட்டம் என்றுதான் என் மனைவி முதலில் நினைத்தாள். நிசான் பேட்ரோல் வண்டியை ஜபல்பூரில் நம் ராணுவத்துக்காகச் செய்து, தொழிற்சாலைப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட நாலு லிட்டர் பெட்ரோல் என்ஜின். பட்டாளம் கழித்துக்கட்டியதை ஏலத்தில் எடுத்தேன். ஆனால் ஏலக்காய் ஊரான போடியில் 'ஏலத்துல எடுத்தேன்' என்றால் எத்தனை மூட்டை என்றுதான் கேட்கிறார்கள்.

மாமா ஓட்டியது சக்திமான் லாரி. ஜெர்மனியின் 'மான்' கம்பெனி உரிமத்தில் ஜபல்பூரில் 1996 வரை தயாரானது. பெயரில்தான் மான், போவதெல்லாம் சினை எருமை நடை. ஆனால் ஏறிவிடும். லடாக் குளிரில் எண்ணெய் இறுகிய என்ஜினுக்கு அடியில் தீ மூட்டிக் காயவைத்த கதையை மாமா மாதம் ஒருமுறை சொல்வார். ஒவ்வொரு முறையும் குளிர் அஞ்சு டிகிரி கூடும். போன மாதக் கணக்கில் அது லடாக்கே இல்லை, வட துருவம்.

மெக்கானிக் அண்ணனுக்கு உலகப்போர் வில்லிஸ் ஜீப்தான் குலதெய்வம். அறுபது குதிரைசக்தி, மூன்று கியர். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். பெட்ரோல் போட டிரைவர் எழுந்தாக வேண்டும். தேசிய கீதத்துக்கு அடுத்தபடி பட்டாளத்துக்காரன் எழுந்து நிற்பது இதற்குத்தான் என்பார் மாமா. நாலாமவர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் டிரைவர். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டால், "தோட்டத்துல போய் இறக்கி எண்ணுனாத்தான் தெரியும்" என்பார்.

ஒருமுறை புதிதாக வந்த தம்பி ஒருவன் ஜிப்ஸியைப் புகழ்ந்தான். 1985-இல் வந்த வண்டி, எடை குறைவு, ராணுவமும் ஆயிரக்கணக்கில் எடுத்தது. சொன்னதெல்லாம் சரிதான். மெக்கானிக் அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாவியப் போட்டா ஸ்டார்ட் ஆயிருதுல்ல? அப்புறம் அதப்பத்திப் பேச என்ன இருக்கு?" என்றார். தம்பி மறுவாரம் வரவில்லை.

போன ஞாயிறு என் ஜோங்கா கடை வாசலிலேயே நின்றுவிட்டது. எல்லோர் முகத்திலும் கல்யாணக் களை. பானெட்டுக்குள் நாலு தலை. இரண்டு மணிநேரப் பேச்சு முடியும் தறுவாயில் அண்ணன் ஒரு வயரைத் தொட, வண்டி உறுமியது. யாருக்கும் அவ்வளவாகச் சந்தோஷம் இல்லை.

மாமா தன் மொபெட்டைக் கிளப்பினார். "இது எவ்வளவு மாமா குடுக்குது?"

சுற்றும்முற்றும் பார்த்தார். காதோரம் குனிந்தார். "அறுபது. வெளிய சொல்லிராத மாப்ள."