ஓடிப்போவதற்கு ஓர் அழைப்பிதழ்

உங்களில் பலர் வாலிபத்தில் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அப்படி ஓடிப்போன யாருக்காவது பை தூக்கியிருப்பீர்கள், சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், குறைந்தபட்சம் "அவனைப் பார்த்தே பத்து நாளாச்சு சார்" என்று பெண்ணின் அப்பாவிடம் முகம் மாறாமல் பொய்யாவது சொல்லியிருப்பீர்கள். 1979இல் இந்த மூன்று பதவிகளையும் ஒருசேர வகித்த பெருமை எனக்குண்டு.

தி. நகர் பனகல் பார்க்தான் எங்கள் சதியாலோசனைக் கூடம். பிற்காலத்தில் மெட்ரோ ரயில் வேலைக்காகத் தகரத் தடுப்புகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற அதே பார்க்தான். அந்நாளில் மாநகராட்சிப் பூங்காக்களில் மாலையானால் ஒலிபெருக்கியில் ஆகாசவாணி கேட்கும். செய்தி ஆரம்பித்ததும் பெஞ்சுப் பெரியவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அந்த நேரத்தில்தான் என் சிநேகிதனும் அவளும் நானும் வேலியோரம் நின்று நாலு வார்த்தை பேச முடியும், ஏனென்றால் அந்தப் பெரியவர்களில் ஒருவர் பெண்ணின் தாய்மாமா. மொரார்ஜி தேசாய் ராஜினாமா செய்து சரண் சிங் பதவியேற்ற நாட்கள் அவை. மத்தியில் ஆட்சி ஆட்டம் காண ஆட்டம் காண மாமாவுக்குச் செய்தியில் கவனம் கூடியது. நாடு நிலைகுலைந்ததில் நேரடியாக லாபம் அடைந்தவர்கள் நாங்கள் மூவர்தான் என்று நினைக்கிறேன்.

பாண்டி பஜார் நடைபாதையில் வாங்கிய கூலிங் கிளாஸை இருட்டிய பிறகும் கழற்றாமல், வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அந்தக் காகிதத்தில் யாரோ ஒரு மாணவன் தப்பும் தவறுமாக எழுதியிருந்த பானிபட் யுத்தத்தின் மேலேயே எங்கள் யுத்தத் திட்டத்தைக் கிறுக்கிக்கொண்டிருந்த அந்த ஒல்லிப் பையனை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒரு ஜோடியை மாம்பலத்திலிருந்து பல்லாவரத்துக்கு ரயிலேற்றுவதற்கு அத்தனை வியூகம் வகுத்தான்.

அந்தப் பையனிடம் ஒரு புரட்சித் திட்டமும் இருந்தது. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, உற்றார் உறவினரோ சிநேகிதர்களோ பார்த்திருக்க, இன்னாரை ஏற்கிறேன் என்று புரியும் மொழியில் சொல்லி மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும். புரோகிதரும் வேண்டாம், ஹோமமும் வேண்டாம். ஆகவே, இதே பார்க்கில், நீதிக்கட்சி முதல் மந்திரி பனகல் அரசர் பெயரிலுள்ள மண்ணில், காலை நடைக்கு ஆள் வருமுன் மாலை மாற்றிவிட்டால் என்ன என்று கேட்டேன். மணமகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பார்க்கிலயா? நடுவுல நாய் ஓடும்ணா. ஓடிப்போனாலும் கல்யாணத்துக்குன்னு ஒரு கௌரவம் வேண்டாமா?" அதோடு விடவில்லை. ஆடி முடியட்டும், ஆடியில் ஓட மாட்டேன் என்றாள்.

ஆவணி பிறந்த கையோடு சரண் சிங்கும் ராஜினாமா செய்தார். நாடே வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்த அந்த வாரத்தில், திருநீர்மலையில், மலைப்படி ஏறி மூச்சு வாங்கியபடியே அவர்கள் கல்யாணம் நடந்தது. வாழையிலையில் சுற்றி மஞ்சள் பையில் நான் கொண்டுபோன மாலைகள் ரயில் நெரிசலில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தன. நசுங்கிய பக்கத்தைப் பின்கழுத்துக்குத் தள்ளிவிட்டுப் போட்டுக்கொண்டார்கள். போட்டோ கிடையாது. கல்யாணச் சாப்பாடு எலுமிச்சை சாதம், தொட்டுக்கொள்ள பயம். யாராவது செருப்புச் சத்தத்தோடு படியேறினால் எங்கள் கவளம் பாதியில் நிற்கும்; ஏறி வந்தவர் வெறும் பக்தர் என்று தெரிந்ததும் சாதம் தனி ருசியோடு இறங்கும். அந்த ருசியில் ஒரு எலுமிச்சை சாதத்தை அதன்பிறகு எந்தக் கல்யாணத்திலும் நான் சாப்பிட்டதில்லை.

இப்போது அந்தத் தம்பதியின் இளைய மகள் நியூயார்க்கில் இருக்கிறாள். சென்ற வருஷம் அவளிடமிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது: "மாமா, நாங்க அக்டோபர்ல ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கறோம், சென்ட்ரல் பார்க்ல. அம்மா அப்பா வராங்க. நீங்க லைவ்ல பாருங்க." ஓடுவதற்கு நாள் குறித்து, நேரம் குறித்து, பெற்றோருக்கு விமான டிக்கெட்டும் போட்டுக் கொடுத்து, மழை பெய்தால் எங்கே ஓடுவது என்று மாற்றுத் திட்டமும் வைத்திருந்தாள். எல்லாம் ஒரு எக்செல் தாளில் கட்டம் கட்டமாக இருந்தது. ஏரியின் மேல் வளைந்து நிற்கும் 'போ பிரிட்ஜ்' வேண்டாம், கூட்டம் அதிகம். பாறை மேல் மரக்கட்டையால் கட்டிய 'காப் காட்' பந்தல் அழகு, அம்மா முழங்காலுக்கு ஏற்றம் ஒத்துவராது. கடைசியில் ஏரிக்கரையோரம் இருக்கும் 'லேடீஸ் பெவிலியன்' தேறியது.

அதன் சரித்திரத்தைப் படித்துவிட்டு நான் தனியே சிரித்தேன். பூவேலைப்பாடு வார்த்த இரும்புத் தூண்களோடு 1871இல் எழுந்த அந்த மண்டபம், பூங்காவின் தென்மேற்கு மூலையில் டிராமுக்குக் காத்திருப்பவர்களுக்காகக் கட்டிய நிழற்குடை. பிற்பாடுதான் ஏரிக்கரைக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அம்மா ஓடிப்போக பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தாள்; மகள் பழைய டிராம் ஸ்டாப்பிலேயே கல்யாணத்தை முடித்துக்கொள்கிறாள். முன்னேற்றம் என்றால் இதுதான் போலிருக்கிறது. ஓல்ம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இருவர் 1858இல் போட்டுக் கொடுத்த வரைபடப்படி எழுந்த 843 ஏக்கர் பூங்கா அது. காதலர்கள் ஓடிவந்து சேர்கிற அந்த இடமே, முந்தின வருஷம் செனிகா வில்லேஜ் என்ற குடியிருப்பில் வீடும் நிலமும் வைத்திருந்த கறுப்பின மக்களை ஓட்டிவிட்டுத்தான் பச்சை பிடித்தது என்பது அழைப்பிதழில் இல்லை.

எங்களுக்கு ஒரே ஒருவரின் அனுமதிதான் கிடைக்காமல் இருந்தது. இவர்களுக்கோ அப்பாவின் சம்மதம் முதல் போன்காலிலேயே கிடைத்துவிட்டது. மற்றவர்களிடம்தான் கியூவில் நிற்க வேண்டியிருந்தது. நகர அலுவலகத்தில் 35 டாலர் கட்டி லைசென்ஸ். வாங்கிய பிறகு 24 மணி நேரம் கழியாமல் தாலி கட்டக் கூடாது, 60 நாளைத் தாண்டவும் கூடாது. பூங்காத் துறைக்கு 25 டாலர் கட்டி இன்னொரு அனுமதி. நடத்தி வைக்க இணையத்தில் போதகர் பட்டம் வாங்கிய ஆபீஸ் தோழி ஒருத்தி. அவளும் நகர அலுவலகத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும். நெருப்பு மூட்டக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, பலூன் கூடாது. பூவிதழோ அரிசியோ தூவவே கூடாது. ஒரு காலத்தில் நாங்கள் தாய்மாமாவுக்குப் பயந்த பயத்தையெல்லாம் இவர்கள் பூங்காக் காவலருக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள்.

நம்மூரில் இரவு எட்டரைக்கு, அங்கே காலை பதினொன்றுக்கு, கைபேசியில் முகூர்த்தம் பார்த்தேன். பழுப்பேறத் தொடங்கிய மரங்கள், ஏரியில் துடுப்புப் படகு, பட்டுப் புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டு. ஒஹாயோக்கார மாப்பிள்ளை வேட்டி நழுவாமல் இருக்க பெல்ட் போட்டிருந்தது தெரிந்தது. குறுக்கே ஒரு நாய் ஓடியது, ஒன்றல்ல, இரண்டு. மணமகளின் அம்மா அவற்றைப் பார்த்துச் சிரித்தாளே தவிர, கௌரவத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. தாலி ஏறியதும் அவள் கை கைப்பைக்குள் போனது. மகள் பதறி, "அம்மா, அட்சதை தூவக் கூடாதும்மா, ஃபைன் போடுவாங்க" என்றாள். "தூவத்தானே கூடாது? வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே, மஞ்சள் அரிசியைச் சிட்டிகையாக எடுத்து, ஒரு மணி கீழே சிந்தாமல் இரண்டு தலையிலும் வைத்தாள். தாய்மாமா கண்ணில் மண் தூவிய கை அது. பூங்காத் துறை எம்மாத்திரம்?

உடன்போக்குக்கு நம் சங்கப் பாட்டில் ஒரு பாலை நிலமே ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பெண் போன வழியில் செவிலித்தாய் வெயிலில் நடந்து, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் விசாரிப்பாள். இப்போதைய செவிலிக்கு வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் வந்துவிடுகிறது. ஆனால் இந்தச் சிரிப்பு எல்லா ஊருக்கும் செல்லாது. மாலையும் கழுத்துமாகப் பாதுகாப்பு கேட்டு எஸ்.பி. அலுவலக வாசலில் நிற்கும் ஜோடிகளின் படம் இன்றைக்கும் மாவட்டச் செய்திப் பக்கத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவர்களுக்கு ஏரிக்கரை மண்டபமும் வேண்டாம், புகைப்படக்காரரும் வேண்டாம். உயிரோடு வீடு திரும்பினால் போதும். எங்கள் பயத்தை நான் ருசியாகச் சொல்ல முடிவதே, துரத்தி வந்தவர் கையில் குடை மட்டும் இருந்ததால்தான்.

ஊர் திரும்பிய சிநேகிதனை நங்கநல்லூரில் போய்ப் பார்த்தேன். முகம் தொங்கியிருந்தது. என்னடா குறை என்றேன்.

"என் மாமனார் நாலு வருஷம் என்கூடப் பேசலை. மூத்தவ பொறந்தப்புறம் வெள்ளிக் கிண்ணத்தோட வந்து வாசல்ல நின்னாரே, அந்த ஒரு நிமிஷம் அவரும் ராஜா, நானும் ராஜா. இந்த மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணி என் பிரஷர் மாத்திரையை விசாரிக்கிறான். எப்படிடா கோவிச்சுக்கறது? பொண்ணு பொறந்த நாள்லேருந்து ஒரு வசனம் தயார் பண்ணி வச்சிருந்தேன். வீணாப் போச்சு."

"என்கிட்ட சொல்லிப் பாரு" என்றேன்.

எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். வாசலைக் கைநீட்டிக் காட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே!" என்றான்.

உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது: "அண்ணா, அவர் கிடக்கார், நீங்க உட்காருங்க. அடை வார்த்துண்டிருக்கேன்."