புணரியலும் கியர்பாக்ஸும்: கடைசி அரை அங்குலம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பழைய காரில் கழற்றிய கியர்பாக்ஸைத் திரும்ப மாட்டும்போது அது சொன்னபடியெல்லாம் கேட்டு வருகிறது. கடைசி அரை அங்குலத்தில் மட்டும் அடம்பிடித்து நிற்கிறது. ஏன்? எஞ்சின் நிலைமொழி, கியர்பாக்ஸ் வருமொழி. இவ்விரண்டும் சேருமிடத்தில் எழும் தொல்லைகள் அனைத்தையும் 13-ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக அடக்கிவிட்டார் என்பது இவண் நிறுவப்படும். முனிவர் கார் ஓட்டியதற்குச் சான்று இல்லை என்பாரின் மறுப்பு ஏற்கத்தக்கதன்று. பாணினியும் ஓட்டியதில்லை.

2. ஆய்வுக் களம்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1959-இல் பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டாகப் பிறந்து, 1961 முதல் மெட்ராஸில் தயாரான வண்டி. 948 சிசி எஞ்சின், நான்கு கியர். முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது. மற்ற பல கார்களில் கியர்பாக்ஸை வண்டிக்கு அடியில் இறக்குவார்கள். ஹெரால்டிலோ முன்சீட்டுகளைக் கழற்றி, நடுவில் உள்ள டனல் மூடியைத் தூக்கிவிட்டால், வண்டிக்குள்ளிருந்தே எடுக்கலாம். ஆகவே ஆய்வு நிகழும்போது டிரைவர் சீட் இருந்த இடத்தில் மேஸ்திரி குந்தியிருப்பார். அவர் மடியில் கியர்பாக்ஸ் இருக்கும். உதவிப் பையன் எஞ்சின் பக்கம் டார்ச்சோடு நிற்பான். களத்தில் பதிவான உரையாடல்:

"உள்ள போச்சாடா?"

"போயிருச்சுண்ணே."

"எங்கடா போச்சு? விரல் நுழையுது பாரு!"

3. இடைவெளியின் இலக்கணம்

கியர்பாக்ஸின் முன்பக்கம் நீண்டிருப்பது இன்புட் ஷாஃப்ட். அதன் ஸ்பிளைன்கள் முதலில் கிளட்ச் பிளேட்டின் பற்களில் நுழைய வேண்டும். பிறகு அதன் வழுவழுப்பான மூக்கு, கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இருக்கும் வெண்கல புஷ்ஷில் அமர வேண்டும். ஆதலால் இடைவெளியை அளந்தாலே தடுப்பவர் யாரென்று தெரிந்துவிடும். இடைவெளி பெரிதாக இருந்தால் ஸ்பிளைன் நுழையவில்லை. கியர்பாக்ஸை டாப் கியரில் போட்டு, பின்பக்க ஃபிளாஞ்சை மெல்லத் திருப்பினால் பல்லோடு பல் சேரும். அரை அங்குலமே பாக்கி என்றால் மூக்கு புஷ்ஷின் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே வாய் பிளந்து கீழே மூடியிருந்தால் குற்றம் இரண்டிலும் இல்லை, எஞ்சின் சாய்ந்திருக்கிறது. ஆயில் சம்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் சற்றே ஏற்றியோ இறக்கியோ பார்க்க வேண்டும்.

4. விகாரம் மூன்று

தோன்றல்: வாழைப்பழத்தில் ஒரு 'ப்' வந்து உட்கார்வதுபோல, இரண்டு முகங்களுக்கும் நடுவில் அழையாத ஒன்று வந்து உட்காரும். எர்த் வயர், டவல் பின் (இரு முகங்களையும் நேராக நிறுத்தும் முளை) துளையில் தடித்த பெயிண்ட், துரு ஆகியவை இவ்வினம்.

திரிதல்: பொன்னும் குடமும் பொற்குடமாவதுபோல இருப்பதே உருமாறும். கிளட்ச் பிளேட் நடுவிலிருந்து மயிரிழை விலகினாலும் மூக்குக்குப் புஷ் அகப்படாது. பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றை நுழைத்துப் பிளேட்டை நடுவில் நிறுத்திக்கொண்டு, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறுகச் சிறுக முடுக்குவது இதற்கு மருந்து. நுட்பமான திரிதல் இன்னொன்று உண்டு. லேத்தில் கடைந்து வந்த புது புஷ் கையில் வைத்துப் பார்க்கும்போது ஷாஃப்டில் அழகாக ஓடும். அதையே கிராங்கில் அடித்து இறக்கியதும் உள்விட்டம் சுருங்கிவிடும். இறக்கிய பிறகு அளக்காதவர் மாலைவரை கியர்பாக்ஸைத் திட்டிக்கொண்டிருப்பார்.

கெடுதல்: மரவேரில் மகர மெய் கெட்டதுபோல, இருக்க வேண்டியது இல்லாமற்போவது. இங்குதான் ஆய்வு எதிர்பாராத முடிவொன்றை எட்டுகிறது. புஷ் போட மறந்துவிட்டால் கியர்பாக்ஸ் அடம்பிடிப்பதில்லை. ஒரே தள்ளில் உள்ளே போய்விடும். பையன் கைதட்டுவான், டீ வரும். வண்டி கிளம்பிய பிறகுதான் தாங்கலற்ற ஷாஃப்ட் ஆடும், கிளட்ச் முழுதாக விடாது, கியர் கறமுற என்று கத்தும். டவல் பின்கள் இல்லாமல் மாட்டியதும் இதே கதைதான்: போல்ட் எல்லாம் ஏறும், அச்சு மட்டும் சேராது. ஆக, முரண்டு பிடிக்கும் கியர்பாக்ஸ் குறையை முகத்துக்கு நேரே சொல்கிறது. நோகாமல் நுழைவதே ஐயத்துக்குரியது. பார்வைக்கு இயல்புப் புணர்ச்சி. உள்ளே கெடுதல் விகாரம்.

5. முடுக்குவாத மறுப்பு

"போல்ட்டைப் போட்டு இழுத்தா வந்துரும்" என்மனார் ஒரு சாரார். இவர்கள் முடுக்குவாதிகள். போல்ட்டுக்கு ஓதப்பட்ட தொழில் சேர்ந்ததைப் பிடித்து வைப்பது. சேராததை இழுத்து வருவதன்று. இழுத்தால் புஷ் நசுங்கும், பிளேட்டின் நடுப்பகுதி வளையும், பெல் ஹவுசிங்கின் காது விரியும். 'பக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதைச் சேர்ந்ததன் அறிகுறியாக முடுக்குவாதி கொள்வார். செலவின் அறிகுறியாக வண்டிக்காரர் கொள்வார். பின்னவர் கருத்தே எம் கருத்து. கையால் தள்ளி இரு முகங்களும் ஒட்டாதவரை ஸ்பேனரைத் தொடுதல் மரபு வழு. பாதி நுழைந்த கியர்பாக்ஸைத் தாங்கலின்றித் தொங்கவிட்டு டீ குடிக்கப் போதலும் வழுவே. அத்தனை பாரமும் கிளட்ச் பிளேட்டின் தலையில்தான் விழும்.

6. எச்சவியல்

எல்லாம் மாட்டி, மூடி போட்டு, சீட்டுகளையும் இறுக்கிய பிறகு தட்டில் ஒரு வாஷரும் ஒரு நட்டும் எஞ்சுகின்றன. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கு எச்சவியல் என்று பெயரிட்டது சும்மா இல்லை. இவ்வெச்சங்கள் எவ்வினை கொண்டு முடியும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. "அது பழைய வாஷர்ணே" என்பது பையனின் உரை. மேஸ்திரி உரை எதுவும் செய்யவில்லை. மறுபடியும் சீட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.