சும்மா இருக்கும் கையும் மலிவு விலைச் சில்லும்: ஓர் ஆராய்ச்சி

வீட்டில் போக்கர் ஆடுவதற்குக் குறைந்த விலையில் சில்லு வாங்கக் கிளம்புகிறவர் முதலில் எடையைக் கேட்கிறார், அடுத்து விலையைக் கேட்கிறார். இரண்டுக்கும் விடை சொல்லக் கடைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். சில்லு எதற்கு என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. பணத்தைக் கணக்கு வைக்கத்தானே என்பது பொதுக்கருத்து. கணக்கு வைப்பதுதான் நோக்கம் என்றால் ஒரு தாளும் பென்சிலும் போதும். மளிகைக் கடையும் பால்காரரும் அப்படித்தான் பல தலைமுறையாகக் கணக்கு வைத்தார்கள், ஒருவரும் வண்ணவட்டுகளை வாங்கி அடுக்கவில்லை. இக்கட்டுரையின் துணிபு வேறு. சில்லின் முதற்பயன் எண்ணிக்கையன்று. ஆட்டத்தில் வேலையில்லாமல் இருக்கும் கைக்கு வேலை கொடுப்பதே அதன் முதற்பயன். ஆகவே சில்லைத் தேர்வு செய்யும் அளவுகோல் எடையுமன்று, அதன்மேல் அச்சிட்ட பொன்னிற எழுத்துமன்று. பன்னிரண்டு சில்லை ஆறு ஆறாக இரண்டு அடுக்காக வைத்து, ஒரே கையின் விரல்களால் நெருக்கித் தூக்கினால், ஒன்றுக்குள் ஒன்று இறங்கி ஒரே அடுக்காகின்றனவா? ஆகுமானால் வாங்கலாம். இதனை இனி ‘கலக்கற் சோதனை’ என்போம்.

இத்துணிபுக்கு முதற்சான்று கடிகாரம். வீடுகளில் பெரும்பாலும் ஆடப்படுவது டெக்ஸஸ் ஹோல்டெம்: ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, நடுவில் ஐந்து சீட்டு பொதுவாக. சீட்டுக் கலைப்பதும் சிற்றுண்டித் தட்டை நகர்த்துவதும் சேர்ந்தால் மணிக்கு இருபத்து நான்கு சுற்று நடந்தாலே சுறுசுறுப்பான மேசை என்று சொல்லிவிடலாம். அதாவது சுற்றுக்கு இரண்டரை நிமிடம். எட்டுப் பேர் உட்கார்ந்த மேசையில் நிதானமாக ஆடுகிறவர் நாலில் மூன்று சுற்றில் சீட்டைப் பார்த்தவுடன் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவார். இனம் சேராத ஏழும் இரண்டும் வந்தவர் ஒதுங்காமல் வேறென்ன செய்வார்? பதினெட்டுச் சுற்றை இரண்டரையால் பெருக்கினால் நாற்பத்தைந்து நிமிடம். எவ்வளவு தாராளமாகக் கழித்தாலும் மணிக்கு அரை மணி நேரம் அவர் செய்ய ஒன்றுமில்லாமல் பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நன்றாக ஆடுகிறவருக்கு இந்த ஓய்வு அதிகம், மோசமாக ஆடுகிறவருக்குக் குறைவு; திறமைக்குப் பரிசாகச் சோம்பலைத் தருகிற விளையாட்டு உலகில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

வரலாறும் இதற்கு ஒத்துவருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மேற்குப் பகுதி மதுக்கூடங்களில் தங்கத்தூளையும் நாணயத்தையும் வைத்துத்தான் ஆடினார்கள். பிறகு எலும்பிலும் தந்தத்திலும் வட்டுகள் வந்தன. நூற்றாண்டின் பிற்பகுதியில் களிமண் கலவையில் வார்த்த சில்லுகள் பரவின. தங்கத்தூளை ஒவ்வொரு முறையும் நிறுக்க வேண்டியிருந்ததும், மதிப்பைச் சீராக்க வேண்டியிருந்ததுமே காரணம் என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தங்கத்தூளை விரலால் கலக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்க முடியாது என்பதையும், முயன்றவருக்கு நகக்கண்ணில் நட்டம் என்பதையும் அவர்கள் ஏனோ கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி எடை என்னும் மயக்கத்துக்கு வருவோம். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் சிறு தொகை கட்டி இணையத் தகுதிச் சுற்றில் நுழைந்து, உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வென்றார். அதன்பின் அமெரிக்க வீடுகளில் போக்கர் காய்ச்சல் கண்டது. அலுமினியப் பெட்டியில் அடைத்த சில்லுத் தொகுதிகளும் கூடவே நுழைந்தன. பெட்டியின் மேல் 11.5 கிராம் என்று போட்டிருக்கும். அடுத்த கடைக்காரர் 13.5 என்பார், அதற்கடுத்தவர் 14. ஆனால் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் புழங்கும் களிமண் கலவைச் சில்லு பெரும்பாலும் 8.5 முதல் 10 கிராம் சொச்சம்தான். ஆயிரம் டாலர் சில்லைத் தள்ளுகிறவர் கையில் இருப்பதைவிட, இருபத்தைந்து சென்ட்டுக்கு ஆடுகிறவர் கையில் இருப்பது கனமானது! அந்தக் கனமும் சில்லுக்குச் சொந்தமானதன்று. பிளாஸ்டிக்கின் வயிற்றுக்குள் ஓர் உலோகத் தட்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ‘களிமண் கலவை’ என்ற பெயரோடு மலிவாக விற்கும் பலவற்றில் களிமண் மருந்துக்கும் கிடையாது. கலக்கற் சோதனையின்படி பார்த்தால் பன்னிரண்டு சில்லுக்கு 14 கிராம் வீதம் 168 கிராம். 9 கிராம் வீதம் 108. நாலு மணி நேரம் அறுபது கிராமைக் கூடுதலாகத் தூக்கித் தூக்கி இறக்குவது எந்த மருத்துவரும் பரிந்துரைக்காத உடற்பயிற்சி. ஒன்பது முதல் பதினொன்றரை கிராம் வரை எதுவும் சரி. அதற்கு மேல் கொடுக்கும் காசு இரும்புக்கு.

எடை பொருட்டல்ல என்றால் பொம்மைக் கடையில் கிடைக்கும் இரண்டு கிராம் பிளாஸ்டிக் வட்டே போதாதா? போதாது. அவ்வகை வட்டின் விளிம்பில் பல்வரிசை போல மேடு வைத்திருக்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கவ்விக்கொண்டு அடுக்கு சரியாமல் நிற்கும். அடுக்கு நிற்பதுதான் நோக்கம் என்று கருதியவர் வகுத்த வடிவம் அது. கவ்விக்கொள்வது கலங்காது, ஆகவே சோதனையில் முதற்படியிலேயே தோற்கிறது. அதற்கு எதிர்முனையில் பளபளவென்று மெருகேற்றிய பிளாஸ்டிக்: இருபது சில்லை அடுக்கிவிட்டு மேசையில் யாராவது முழங்கையை ஊன்றினால் போதும், அடுக்கு வழுக்கிச் சரிந்து பக்கத்து வீட்டாரின் சொத்தோடு கலந்துவிடும். பீங்கான் சில்லு என்று விற்கப்படும் வகை சுமார் 10 கிராம். மேடு பள்ளமில்லாத தட்டையான முகம், விளிம்புவரை படம் அச்சிடலாம். விரலுக்கு இதம்தான், ஆனால் ‘மலிவு விலை’ என்ற தலைப்பு அதன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது. எஞ்சுவது நடுத்தர வகை: முகத்தில் லேசான சொரசொரப்பும், விளிம்பில் வார்ப்புத் தையல் துருத்தாத நேர்த்தியும் உள்ள, 39 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரணச் சில்லு. தையல் துருத்துகிறதா என்பதை நகத்தால் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தால் தெரிந்துவிடும். கடையில் ஆராய்ச்சிக்குத் தேவைப்படும் கருவி அவ்வளவே.

இங்கே தமிழ் வாசகர் ஒரு வலுவான தடையை எழுப்பக்கூடும். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையும் சோழியும் மஞ்சாடியும் போதுமாயிருந்தனவே. அவற்றுள் புளியங்கொட்டைக்கு விலையே இல்லையே. மலிவு என்றால் அதைவிட மலிவு உண்டா? இத்தடை ஆழமானது, ஆகவே விடையும் கொஞ்சம் ஆழத்திலிருந்துதான் வரவேண்டும். பல்லாங்குழி இருவர் ஆட்டம். ஒருவர் குழிகுழியாகப் போட்டுக்கொண்டு போகும்போது மற்றவர் அவருடைய கணக்கைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது முடிந்ததும் இவர் முறை. அங்கே சும்மா இருக்கும் கை என்ற ஒன்று தோன்றுவதே இல்லை, தோன்றினாலும் அள்ளுவதற்குத் தயாராக நிற்கும். போதாக்குறைக்குக் கொட்டையைத் தாங்கக் குழி இருக்கிறது. போக்கரில் எட்டுப் பேர், குழி இல்லை, முறை வர நேரமாகும். புளியங்கொட்டை எண்ணிக்கைக்கு உதவும். அடுக்க வராது, கலக்க வராது. எண்ணுவதற்குப் பொருத்தமான அந்தப் பொருள் போக்கருக்குப் பொருந்தாமல் போவதே நம் துணிபுக்குச் சான்று என்க.

அற்றேல், நாணயம்? நம் பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர், 7.71 கிராம், அமெரிக்க அரை டாலர் 11.34 கிராம், கடைச் சில்லின் எடைக்கு மிக அருகில். பழைய வெள்ளி டாலரோ 38.1 மில்லிமீட்டர், ஏறக்குறையச் சில்லின் அளவே. நெவாடா விடுதிகளின் மேசைகளில் அது நெடுங்காலம் புழங்கியும் இருக்கிறது. அளவால் நாணயத்தைத் தள்ள முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தள்ளவேண்டிய காரணம் வேறு. நாணயத்தை உருட்டுகிற விரல் விரைவில் அதை எண்ணத் தொடங்கும். எண்ணத் தொடங்கியவர் இன்றைக்கு இதுபோதும் என்று முடிவுசெய்து எழுந்துவிடுவார். சில்லை உருட்டுகிறவருக்கு அது பணம் என்பதே மறந்துபோகும். வீட்டுக்காரருக்கு இது லாபமா நட்டமா என்பது அவரவர் ஆட்டத்தைப் பொறுத்தது.

கைப்பேசி இருக்கும்போது சும்மா இருக்கும் கைக்குச் சில்லு எதற்கு என்பது இக்காலத்துத் தடை. கைப்பேசி கையை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, கண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. முறை வந்தது தெரியாமல் இருப்பவரை மற்ற ஏழு பேரும் கூப்பிட வேண்டும், சுற்று நீளும், மணிக்கு இருபத்து நான்கு பதினெட்டாகும், ஓய்வு கூடும், கூடிய ஓய்வில் மற்ற ஏழு பேரும் கைப்பேசியை எடுப்பார்கள். சில்லோ கண்ணைத் தொந்தரவு செய்யாமல் விரலை மட்டும் வாடகைக்கு எடுக்கிறது.

எண்ணிக்கைப் பகுதியில் வணிகர்கள் செய்யும் அநியாயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 25 சென்ட்டும் 50 சென்ட்டும் கட்டாயப் பந்தயமாக வைத்து, ஆளுக்கு 50 டாலர் போட்டு ஆறு பேர் ஆடுவதாகக் கொள்வோம். ஒருவருக்கு 25 சென்ட் சில்லு 12, ஒரு டாலர் 22, ஐந்து டாலர் 5 கொடுத்தால் 3, 22, 25 எனக் கூடி 50 வந்துவிடும். மொத்தம் 39 சில்லு. ஆறு பேருக்கு 234. தோற்று மறுபடி பணம் போடுகிறவருக்கும் சேர்த்து 300 தாராளம். 500 சில்லுத் தொகுதி ஆறு பேர் மேசைக்கு மிகை. ஆனால் 300 தொகுதியை நாலு நிறத்தில் 75 வீதம் சமமாகப் பிரித்து விற்றால், 132 தேவைப்படும் ஒரு டாலர் சில்லு 75-தான் இருக்கும். எவரும் தொடாத 100 டாலர் சில்லும் 75 இருக்கும். சமத்துவம் எல்லா இடத்திலும் நீதியாகாது. நிறம் நிறமாக உதிரியாக வாங்குவதே முறை. தேவையை ஐந்து டாலர் சில்லால் ஈடுகட்டலாமே என்றால், பெரிய நோட்டை உடைக்க மனிதர் தயங்குவதைப் பிரியா ரகுபீரும் ஜாய்தீப் ஸ்ரீவாஸ்தவாவும் 2009-இல் ஆய்ந்து நிறுவியிருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தை மேசைக்கு அழைப்பானேன். நம் துணிபின்படியும் ஒரு டாலர் சில்லு 22 இருப்பது இன்றியமையாதது: பத்தை இழந்த பிறகும் கலக்கப் பன்னிரண்டு மிஞ்சும். மதிப்பு அச்சிடாத சில்லாக இருந்தால் இன்று 25 சென்ட்டாக இருப்பது நாளை 25 டாலராகவும் உதவும். வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100 என்னும் அமெரிக்க வழக்கம் தெரியாதவருக்கு ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது.

சில்லைக் கலக்குகிற கை உள்ளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சுவாரும் உளர். மைக் கேரோ 1984-இல் வெளியிட்ட நூலில், பொதுச்சீட்டைப் பார்த்தவுடன் தன் சில்லை ஓரக்கண்ணால் பார்க்கிறவர் பந்தயம் கட்டப்போகிறார் என்று எச்சரித்திருக்கிறார். இருக்கட்டும், அங்கே குற்றவாளி கண், கையன்று. இடைவிடாமல் கலக்கிக்கொண்டே இருக்கிற கை நல்ல சீட்டுக்கும் கெட்ட சீட்டுக்கும் ஒரே சத்தம் தருகிறது. 1998-இல் வந்த ‘ரவுண்டர்ஸ்’ படத்தில் ஜான் மால்கோவிச் நடித்த டெடி கேஜிபி எப்படி மாட்டிக்கொள்கிறார்? ஓரியோ பிஸ்கட்டைக் காதருகே பிடித்துப் பிரித்துத் தின்கிற பழக்கத்தால். கைக்குச் சில்லே போதுமாக இருந்திருந்தால் அவர் பிஸ்கட்டை நாடியிருக்க மாட்டார்.

கடைசியாகப் பெட்டி. அலுமினியப் பெட்டி அழகாக இருக்கிறது, அதற்காகவே வாங்குகிறேன் என்பவருக்கு ஒரு கணக்கு: 500 சில்லு 11.5 கிராம் வீதம் 5.75 கிலோ, பெட்டி தனி. கைப்பிடியைத் தாங்குபவை சிறு திருகாணிகள். நூறு நூறாக வைக்கும் பிளாஸ்டிக் தட்டு மூன்று வாங்கினால் 300 சில்லும் இருபது இருபதாகப் படுத்துக்கொள்ளும், பார்த்தவுடன் குறைவது தெரியும். பெட்டியில் பூட்டு இருக்கிறதே என்றால், கொண்டை ஊசிக்கு மசியாத பூட்டை அந்த விலையில் எவரும் தரப்போவதில்லை. தவிரவும் உள்ளே இருப்பது 25 சென்ட் என்று எழுதாத 25 சென்ட். திருடிக்கொண்டு போகிறவர் அதைச் செலவழிக்க மறுபடி இதே மேசைக்குத்தான் வந்தாக வேண்டும், வந்தால் எட்டாவது ஆள் கிடைத்தார் என்று உட்காரச் சொல்லலாம்.