மாப்பிள்ளையின் பங்கு

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மாப்பிள்ளை, ‘கம்பெனியில் எனக்கும் பங்கு தருகிறார்கள்’ என்று மார்தட்டுகிறார். நம்பலாமா?

பதில்: நம்பலாம். ‘சேவ் ஆஸ் யூ ஏர்ன்’ திட்டம் அங்கே 1980 முதல் உண்டு. சம்பளத்தில் மாதம் 500 பவுண்டு வரை பிடித்து, மூன்று அல்லது ஐந்து வருடம் சேமிக்க வேண்டும். பிறகு, தொடக்கத்திலேயே குறித்த விலைக்குப் பங்கு வாங்கலாம். அந்த விலையை, தொடக்கத்தில் இருக்கும் சந்தை விலையைவிட 20 சதவீதம் வரை குறைத்தும் வைக்கலாம். நடுவில் பங்கு விலை படுத்துவிட்டதா? பங்கே வேண்டாமென்று சேமிப்பை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். (நம் சீட்டுக் கம்பெனிகள் கவனிக்க!) தகுதியுள்ள ஊழியர் எல்லோருக்கும் ஒரே நிபந்தனைதான் என்கிறது 2003-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம். மேனேஜரின் மச்சானுக்கென்று தனிச் சலுகை கிடையாது. ஆனால் விற்று லாபம் பார்த்தால் மூலதன ஆதாய வரி வரலாம். அதற்குமுன் விருந்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்!