முட்டைக்குள் யார்?

கடையில் வாங்கிய முட்டையை இன்குபேட்டரில் வைத்தால் குஞ்சு வருமா? (ஈரோடு வாசகர்)

வராது. பண்ணையில் அந்த முட்டையை இட்ட கோழி சேவலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. 21 நாள் சூடு காட்டினாலும் மிச்சம் கூமுட்டையும் கரண்ட் பில்லும்தான். சேவலோடு மேய்கிற நாட்டுக்கோழியின் முட்டையாகப் பாருங்கள். இட்டு ஒரு வாரத்துக்குள் அடை வைத்துவிடுங்கள். அழுக்காக இருக்கிறதே என்று கழுவ வேண்டாம், ஓட்டின் மேலுள்ள காப்புப் பூச்சு போய்விடும்.

தினமும் முட்டையைத் திருப்பிவிடச் சொல்கிறார்களே, எத்தனை தடவை? (தேனி வாசகி)

மூன்று அல்லது ஐந்து. ஒற்றைப்படையாக இருந்தால், நீண்ட இரவில் தினமும் ஒரே பக்கம் மேலே இருக்காது. பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கொண்டால் எதைத் திருப்பினோம் என்ற குழப்பம் வராது. திருப்பாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். அடைக்கோழி இதையெல்லாம் யாரும் சொல்லாமலே செய்கிறது.

இடி இடித்தால் கரு கெட்டுவிடும் என்று அம்மா முட்டைக்கடியில் இரும்பும் கரித்துண்டும் வைப்பார். இன்குபேட்டரிலும் வைக்கலாமா? (சிவகங்கை வாசகர்)

அம்மாவின் திருப்திக்கு மேசை மேல் வையுங்கள். இடியோடு வரும் பவர் கட்டுக்கு இன்வெர்ட்டர் வையுங்கள். அது இல்லையென்றால் மூடியைத் திறக்காமல் கம்பளி போர்த்துங்கள். ஒரு மணி நேரம் தாங்கும். தாய்க்கோழியும் இரை தேட எழுந்து போகிறதுதானே? ஃபேன் உள்ள பெட்டியில் 37.5 டிகிரி சரி. கொஞ்சம் குறைந்தால் குஞ்சு தாமதமாக வரும், கூடினால் வராமலே போகலாம்.

ஓட்டில் துளை விழுந்து ஆறு மணி நேரம் ஆகிறது. உரித்துவிடட்டுமா? (பொள்ளாச்சி வாசகி)

கையைக் கட்டிக்கொள்ளுங்கள்! அலகு நுனியிலுள்ள முட்டைப்பல்லால் முதல் துளை போட்டபின், வெளியே வர 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகும். சும்மா கிடப்பதாகத் தெரிந்தாலும் உள்ளே வேலை நடக்கிறது: சவ்வில் ஓடும் ரத்தம் உடலுக்குத் திரும்பவேண்டும், மிச்ச மஞ்சள்கரு வயிற்றுக்குள் போகவேண்டும். அதற்குள் உரித்தால் ரத்தம் கசியும். மூடியை அடிக்கடி திறந்தாலும் ஈரம் போய்ச் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். 18ஆம் நாளிலேயே திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65க்கு மேல் ஏற்றியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெளியே வந்த குஞ்சுக்குப் பசிக்குமே என்றும் பதற வேண்டாம், அந்த மஞ்சள்கரு இரண்டு நாளுக்குத் தாங்கும்.

கூர்முனை முட்டையில் சேவல், உருண்டையில் பெட்டை என்பது உண்மையா? (திருவாரூர் வாசகர்)

முட்டையின் வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். எத்தனை சேவல் என்பதைச் சில மாதம் கழித்து, விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்காரரே வந்து சொல்வார்.