தெரியுதாண்ணே?

அவர் சட்டைப்பையில் கை விடும்போதே நமக்கு விஷயம் தெரிந்துவிடும். கல்யாணப் பந்தி, ரேஷன் கடை, துக்கம் விசாரிக்கப் போன வீடு, எந்த இடமானாலும் சரி. முதலில் போன் திரையை வேட்டி நுனியில் துடைப்பார். வெளிச்சத்தைக் கூட்டுவார். கன்னங்கரேலென்று ஒரு படம், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதை இரண்டு விரலால் விரித்து, "தெரியுதாண்ணே?" என்பார். தெரியுது என்றால், "என்ன தெரியுது, சொல்லுங்க" என்று பரீட்சை வைப்பார். தெரியலை என்றால் இன்னும் விரிப்பார். விரிக்க விரிக்கப் புள்ளி கட்டம் கட்டமாக உடையும். அதில் ஒரு கட்டத்தை நகத்தால் தொட்டு, "இதான் வியாழனோட பட்டை" என்பார். பாயசம் ஆறிக்கொண்டிருக்கும்.

ஊருக்கு ஒருத்தர் இப்படிக் கிரகங்களைப் படம் பிடிக்கக் கிளம்பியிருக்கிறார்கள். எங்கள் காரைக்காலில் இந்த ரகத்துக்குத் தொலைநோக்கி பாரீசிலிருந்து வரும். மச்சான் கொண்டுவருவார். மச்சான்கள் சென்டும் சாக்லேட்டும் மட்டும் கொண்டுவந்த காலத்தில் தெரு நிம்மதியாகத் தூங்கியது.

காரைக்கால்காரர் எந்தக் கிரகத்தைப் படம் பிடிக்க ஆசைப்படுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்து கிலோமீட்டரில் திருநள்ளாறு. சனியின் பார்வை தன்மேல் விழக்கூடாது என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து நளதீர்த்தத்தில் முங்குகிறார்கள். சன்னிதியில்கூட நேருக்கு நேர் நிற்காமல் ஓரமாக ஒதுங்கிக் கும்பிடுகிறவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்ட ஊரில் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, "சனி கண்ணுலயே பட மாட்டேங்குதே" என்று புலம்புகிற ஒரே ஆள் இவர்தான். காதில் விழுந்த அவருடைய அம்மா அடுத்த சனிக்கிழமையே எள் தீபம் போடக் கிளம்பிவிட்டார்.

திருநள்ளாற்றுக்கு மேலே வரும் செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுபோகும் என்ற புளுகு வாட்ஸப்பில் அடிக்கடி சுற்றும். யாராவது அதை அனுப்பினால் இவர் நியூட்டனைக் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார். தன் படம் கலங்கினால் மட்டும், "இந்தப் பக்கம் என்னமோ இருக்குண்ணே" என்று குரலைத் தாழ்த்துவார்.

அவர் சனியைப் பிடித்த நேரமும் அப்படி. பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை, சற்று முன்னே பின்னே, சனியின் வளையம் பூமிக்குத் தன் விளிம்பை மட்டும் காட்டும். 2025 மார்ச் 23-இல் அது நடந்தது. செப்டம்பர் 21-ஆம் தேதி சனி சூரியனுக்கு நேரெதிரே பளிச்சென்று வந்து நின்றபோதும் வளையம் வெறும் கோடுதான். இந்த ஆள் தொலைநோக்கியின் கண்ணில் போனை ஒட்டவைத்து எடுத்த படம் விடிவதற்குள் தெரு முழுக்க வந்துவிட்டது. பார்த்தால் ஓர் எள்ளு. சனிக்கு எள்ளு பொருத்தம்தான் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். டீக்கடைப் பெரியவரால் முடியவில்லை.

"வளையம் எங்க தம்பி?"

கேட்டிருக்கக் கூடாது. கலிலியோ 1610-இல் சனிக்கு இரண்டு பக்கமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததையும், 1612-இல் அது காணாமல் போய் அவரே திகைத்ததையும் டீ ஆறும் வரை சொன்னார். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அது கெடக்கட்டும். நம்மாளு மீனத்துக்கு வந்தாச்சா இல்லையா? அதைச் சொல்லு" என்றார். திருக்கணிதம் மார்ச் 29-லேயே வந்தாச்சு என்கிறது. கோயிலோ வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026-இல்தான் பெயர்ச்சி என்று சொல்லிவிட்டது. "நேராப் பாக்குறவன்கிட்ட கேட்டாலும் நீயும் சொல்ல மாட்டேங்குறியே" என்று பெரியவர் எழுந்து போனார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் போனைப் பைக்குள் வைத்தார் நம்மவர்.

நியாயமாகச் சொன்னால், அந்த வேலை லேசானதில்லை. இருநூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், பூமி சுற்றுகிற சுற்றில் கிரகம் ஒரு நிமிஷத்துக்குள் ஓரத்துக்கு ஓடிவிடும். துரத்திப் பிடிக்கக் குழாயைத் தொட்டால் ஆடும். ஆட்டம் நிற்பதற்குள் ஆள் அவுட். பகலெல்லாம் வெயில் குடித்த மாடித் தளம் ராத்திரி அனலைக் கக்கும். அதில் வியாழன் நெளியும். அனல் அடங்கினால் கடல் காற்றின் ஈரம் கண்ணாடியில் படியும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஒற்றைப் படம் எடுப்பதில்லை. இரண்டு மூன்று நிமிஷம் வீடியோ எடுத்து, அதிலுள்ள ஆயிரக்கணக்கான படங்களில் காற்று அசையாத கணத்தில் விழுந்தவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அதற்கு ஆட்டோஸ்டாக்கர்ட், கூர்மையாக்க ரெஜிஸ்டாக்ஸ், இரண்டு மென்பொருளும் காசில்லாமலே கிடைக்கின்றன. ஒரு நாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கலங்கிய குழம்பலிலிருந்து வியாழனின் இரண்டு பட்டைகள் மெல்ல மேலே வந்தன. சொக்கிப்போனேன். அத்தோடு விட்டாரா? இன்னும் கூர்மை, இன்னும் கூர்மை என்று இழுத்துக்கொண்டே போனார். கடைசியில் சனிக்கு இல்லாத வளையம் வியாழனுக்கு முளைத்தது.

"தெரியுதாண்ணே?"

நன்றாகவே தெரிந்தது.

ஓடும் கிரகத்தை விரட்ட, தானாகத் திரும்பும் தாங்கி ஒன்றும் மச்சான் தயவில் வந்து சேர்ந்தது. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை உயரத்தில்தான் அந்த நட்சத்திரம் நிற்கும். மச்சானுக்குக் கவலையில்லை, பாரீசில் அது 49 டிகிரி உயரத்தில் ஜம்மென்று நிற்கிறது. காரைக்காலில் 11. அதாவது எங்கள் வீட்டுத் தென்னைமரத்துக்குப் பின்னால். ஒரு நாள் காலையில் வந்து, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு, "அந்த மரம் இப்பவும் காய்க்குதாண்ணே?" என்றார்.

மேகம் வந்தால் அவருக்கு ஆறுதல் சொல்ல ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். கீயோம் லெ ஜான்தி. சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-இல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் ஊரை இங்கிலீஷ்காரன் பிடித்துவிட்டான். 1761-இல் ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்தது ஒன்றுக்கும் உதவவில்லை. அடுத்தது எட்டு வருஷம் கழித்து. அதற்கும் இருந்து, புதுச்சேரியிலேயே தளவாடங்களை வைத்துக்கொண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்துக்கு மேகம். "அவருக்கே அந்தக் கதின்னா எனக்கென்னண்ணே" என்று ஐப்பசி மழையில் நனைந்தபடி நம்மவர் சொல்வார். கிளம்பிப் பதினோரு வருஷம் கழித்து அந்த மனிதர் ஊர் திரும்பியபோது செத்துவிட்டார் என்று முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கதையின் இந்தப் பாகத்தை நம்மவர் மனைவி மட்டும் மறப்பதில்லை. தொலைநோக்கியோடு மாடிப்படி ஏறும்போதெல்லாம் ஞாபகப்படுத்துகிறார்.

இதுவரை சிரித்ததெல்லாம் சரி. ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போனுக்குப் பதிலாகக் கேமராவை மாட்ட வேண்டுமானால் நாம் கண் வைத்துப் பார்க்கிற வில்லையைக் கழற்ற வேண்டும். கழற்றினது கழற்றினதுதான். தெருப் பிள்ளைகள் சனியைப் பார்க்கலாம் என்று சாப்பிட்ட கையோடு ஓடி வருகிறார்கள். "ரெக்கார்டிங் ஓடுது, யாரும் நடக்காதீங்க, தளம் அதிரும்" என்று அத்தனை பேரையும் சுவரோரம் உட்காரவைக்கிறார். உச்சிக்குப் பக்கத்தில் சனி நின்றுகொண்டிருக்கிறது. ஒரு பிள்ளைக்கும் அரை நிமிஷம் காட்ட மனசு வரவில்லை. "லேப்டாப்லயே தெரியுது பாருங்க" என்கிறார். எதிர்வீட்டுப் பெண், ஏழாவது படிக்கிறாள், பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதை எங்க வீட்டு டிவியிலயே பாக்கலாமே மாமா." எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். அதுகூட அவருக்கு உறைக்கவில்லை. வீடியோ நடுவில் படம் குதித்துவிட்டதாம், பிள்ளைகள் படி இறங்கிய அதிர்வு என்றார்.

நேற்றும் வந்தார். போனை எடுக்கவில்லை, அதுவே எனக்குக் கிலியாக இருந்தது.

"2032-ல வளையம் நல்லா விரிஞ்சிரும்ணே. அகலமா, அம்சமா இருக்கும்."

"சந்தோஷம்."

"அதுக்குள்ள அந்தத் தென்னையை மட்டும்..."

தேங்காய் விற்கிற விலை அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.