சிவாலய ஓட்டமும் ஜாய்ஸ்டிக்கும்: ஓர் அவசர ஆராய்ச்சி

அம்மன் கொடை, வில்லுப்பாட்டு, தோல்பாவைக் கூத்து என்று நாஞ்சில் நாட்டில் ஆராயாமல் விட்ட பொருள் இல்லை. முனைவர் பட்டங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில் சந்திப்பில் முதுகுப் பையும் கையில் அட்டைப்பெட்டியுமாகக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னையில் வீடியோ கேம் விழா பார்த்துவிட்டு, திங்கள் காலை கண் சிவந்து வந்திறங்கும் இனக்குழுவைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரைகூட என் கண்ணில் படவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். நிதியுதவி எதுவும் பெறப்படவில்லை. கேட்டும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

களம், சென்னை காமிக் கான். முதல் விழா 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. 2011-இல் தில்லியில் தொடங்கிய காமிக் கான் இந்தியா, பெங்களூரையும் ஹைதராபாத்தையும் பார்த்து முடித்து நம் பக்கம் தலைகாட்டப் பதின்மூன்று ஆண்டாயிற்று. பெயரில்தான் காமிக்ஸ், நாட்வின் கேமிங் அதை வாங்கிவிட்டபடியால் கேம் அரங்குக்குக் குறைவில்லை. சென்னைக்கு வந்ததோடு தெற்கு முடிந்ததென்று நினைத்துவிட்டார்கள் போலும். அதற்கப்புறம் 700 கிலோமீட்டர் தமிழ்நாடு பாக்கி இருக்கிறது.

சென்னைக்காரனுக்கு வார இறுதி என்றால் சனியும் ஞாயிறும். குமரி மாவட்டத்தானுக்கு இரண்டு ராத்திரி ரயிலில், ஒரு ராத்திரி வேளச்சேரியில் யாரோ ஓர் அண்ணனின் அறையில், தரையில். இவ்வளவுக்கும் நடுவே கைப்பிடி கையில் இருந்த நேரத்தைப் பிரித்தெடுத்தால் ஒரு சாயா குடிக்கும் பொழுதுதான் தேறும். மற்றதெல்லாம் வரிசை. ஒருவன் விளையாடுவான், பின்னால் பத்திருபது பேர் நின்று “லெஃப்ட்ல போ, குதி, குதி” என்று அவனுக்குப் புத்தி சொல்வார்கள். இவ்வுண்மையைச் சந்திப்பில் வழியனுப்ப வந்த ஒரு தாய்மாமன் அரை நிமிடத்தில் கண்டறிந்தார்.

“எதுக்குல மெட்ராசுக்குப் போற?”

“கேம் வெளயாட, மாமா.”

“அது ஒன் கையில இருக்க போன்லயே கெடக்குல்லா?”

“இது மத்தவன் வெளயாடுகத நின்னு பாக்கதுக்கு மாமா.”

மாமா அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கபடிப் போட்டியையும் விடாமல் நின்று பார்த்தவர்.

அட்டைப்பெட்டிக்குள் இருப்பது விழாவில் வேடம் கட்டுவதற்கான கவசம். செருப்பு அடிக்குப் போடும் ஈ.வி.ஏ. ஷீட்டை வாங்கி, அளவு வரைந்து வெட்டி, சூடு காட்டித் தோளுக்கு வளைத்து, ரப்பர் பசையால் ஒட்டி வெள்ளிச் சாயம் அடித்தது. சூடு கூடினால் ஷீட் சுருண்டுவிடும். குறைந்தால் வளைந்தது பழையபடி நிமிர்ந்துவிடும். இரண்டு தோளும் ஒரே மாதிரி அமைந்த கவசத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. நசுங்கிவிடக் கூடாதென்று கவசம் பெர்த்தில் படுத்து வருகிறது, டிக்கெட் எடுத்தவன் விழுப்புரம் வரை கால்மாட்டில் குந்தி வருகிறான். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு விரதமிருந்து, காப்புக் கட்டி, காளி கிரீடம் சுமந்து ஊர் ஊராகக் காணிக்கை பிரிக்கிறவர்களிடம் இந்தக் கஷ்டத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். குலசை தூத்துக்குடி மாவட்டம் என்பதால், எல்லைத் தகராறு வேண்டாமென்று அந்த ஒப்பீட்டை இத்துடன் விடுகிறேன்.

இனி மையக் கருதுகோள். வீடியோ கேம் குமரி மாவட்டத்தில் முன்பே புழக்கத்தில் இருந்தது. கரண்டு மட்டும்தான் இல்லை. சான்று, சிவாலய ஓட்டம். மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் மாலை முன்சிறைத் திருமலையில் புறப்பட்டு, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று கோயிலுக்குக் கோயில் முங்கித் தொழுது, ஈர வேட்டியும் கையில் பனையோலை விசிறியுமாகக் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டே ஓடி, பன்னிரண்டாவதாகத் திருநட்டாலத்தில் முடிப்பார்கள். தூரம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். பன்னிரண்டும் பழைய விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களைச் சேர்ந்தவை. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் மட்டுமே நாஞ்சில் நாடு என்று அடம்பிடிக்கும் அறிஞர்கள் இப்பத்தியைத் தாண்டிப் போகலாம்.

சிவன் கோயிலுக்கு ஓடுகிறவன் எதற்கு விஷ்ணு பெயரைக் கூவ வேண்டும்? அங்கேதான் விளையாட்டின் விதி இருக்கிறது. கதைப்படி, பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகத்தைத் தருமரின் யாகத்துக்குக் கூட்டிவரப் பீமன் போகிறான். மிருகத்துக்குச் சிவபக்தி முற்றிப்போய், விஷ்ணு பெயர் காதில் விழுந்தாலே கொலைவெறி. கண்ணன் பன்னிரண்டு உருத்திராட்சம் கொடுத்தனுப்புகிறான். பீமன் ‘கோவிந்தா’ என்கிறான், மிருகம் துரத்துகிறது. பிடிபடும் தறுவாயில் ஓர் உருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான், அது லிங்கமாகிறது. மிருகம் நின்று பூசை செய்கிறது. அதற்குள் பீமன் அடுத்த லெவலில் இருக்கிறான்.

1980-இல் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாத்தானி பாக்-மேன் செய்தார். அதிலும் துரத்தல், அதிலும் தரையில் ஓர் உருண்டை, அதை விழுங்கினால் பேய்கள் சற்று நேரம் அடங்கிப் போகும். இவாத்தானி திற்பரப்பு அருவியில் குளித்ததற்குச் சான்று கிட்டாததால் மேற்கொண்டு எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் கண்டிப்பில் நம்முடையது ஒரு படி மேல். இங்கே சேவ் பாயின்ட் கிடையாது: பொன்மனையில் கால் மடங்கியவன் மறு வருஷம் திருமலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இப்போது பைக்கிலும் வேனிலும் ஓட்டம் முடிக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். சீட் கோடு போட்டு ஜெயித்தவனை மற்ற ஆட்டக்காரர்கள் பார்க்கும் பார்வை எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமா? கால் கொப்பளத்தோடு ஓடுகிறவன் வேனைப் பார்ப்பதைப் பாருங்கள்.

இசைக்கு வரும்போது ஆய்வாளன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. சினிமாப் பாட்டுக்குத் தான் எங்கே முடியும் என்று தெரியும். கேம் இசைக்குத் தெரியாது. ஆட்டக்காரன் ஒரு பாலத்தில் அரை நிமிடமும் நிற்பான், அரை மணி நேரமும் நிற்பான். எவ்வளவு நேரமானாலும் ஒட்டுத் தெரியாமல் மெட்டு சுற்றிச் சுற்றி வர வேண்டும், ஆள் ஓடினால் கூடவே ஓட வேண்டும். 1978-இல் டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இறங்குமுகமாக நான்கே சுரம். எதிரிகள் நெருங்க நெருங்க வேகம் ஏறும். 1985-இல் சூப்பர் மாரியோவுக்கு இசையமைத்த கோஜி கோண்டோவுக்கு வாய்த்தது ஐந்து தடம் மட்டும் உள்ள ஒரு சில்லு. கடிகாரம் 100-க்கு இறங்கியதும் அதே மெட்டு தலைதெறிக்க ஓடும்.

அம்மன் கொடையில் நையாண்டி மேளக்காரருக்கும் இதே சிக்கல். சாமி எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது, சாமியாடும் கோமரத்தாடிக்கும் தெரியாது. தவில்காரர் கண் கோமரத்தாடியின் முழங்காலிலேயே இருக்கும். கால் துடித்தால் பம்பை ஏறும். துடிப்பு அடங்கினால் மேளம் பழைய நடைக்கே இறங்கிக் காத்துக் கிடக்கும். நாதஸ்வரக்காரர் அந்தச் சுற்றை எத்தனையாவது தடவை வாசிக்கிறோம் என்று எண்ணுவதில்லை. கோண்டோ நிரலிடம் விட்டதை இவர்கள் கண்ணால் செய்கிறார்கள். தவறிப்போனால் ‘கேம் ஓவர்’ என்று எழுத்து வராது. ஊர்ப் பெரியவர்கள் மேடைக்கே வந்துவிடுவார்கள்.

கேம் இசைக்கு உலகில் மரியாதை கூடிவிட்டது. கோய்ச்சி சுகியாமா டிராகன் குவெஸ்ட் இசையை 1987-இலேயே டோக்கியோவில் கச்சேரியாக நடத்தினார். சிவிலைசேஷன் 4 விளையாட்டுக்காகக் கிறிஸ்டோபர் டின் அமைத்த ‘பாபா யேத்து’ 2011-இல் கிராமி வாங்கியது. அமெரிக்காவின் மேரிலாந்தில் மேக்ஃபெஸ்ட் என்று, 2002-இல் தொடங்கிய விழா, இரவு பகல் பாராமல் கேமுக்கும் அதன் இசைக்குமாக நடக்கிறது. ராத்திரி முழுக்க என்றதும் குமரி மாவட்டத்தானுக்கு நம்பிக்கை பிறக்கும். சென்னையில் பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பகலிலும் பல திரைகளின் சத்தம் ஒன்றாகக் கலந்து காதில் விழுவதால் கேம் இசை கேட்க விரும்புகிறவன் திரும்பி வரும் வண்டியில் ஹெட்போன் மாட்டினால்தான் உண்டு.

மறுப்புகள் வரும். 1956 நவம்பர் 1 வரை அந்தப் பன்னிரண்டு கோயில்களும் தமிழ்நாட்டில் இல்லை, ஆகவே வீடியோ கேமின் மூலம் தங்களுடையதே என்று திருவனந்தபுரத்திலிருந்து ஒரு குரல் எழக்கூடும். அதற்கெல்லாம், குமரியைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய மார்ஷல் நேசமணி காலத்திலேயே பதில் சொல்லியாயிற்று.

தீராதது கடைசி லெவல் பற்றிய சிக்கல்தான். பீமன் மிருகத்தின் எல்லையைத் தாண்டும்போது ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. உள்ளே இருந்த காலை மிருகம் பிடித்துக்கொண்டது. வழக்கு தருமரிடம் போனது. தம்பி என்றும் பாராமல், பாதி உடம்பு மிருகத்துக்கே என்று தீர்ப்புச் சொன்னார் அவர். நேர்மையை மெச்சி மிருகம் பீமனை விட்டுவிட்டது. நந்தம்பாக்கத்திலும் இரண்டு பையன்கள், பட்டனை நேரத்துக்குள் அழுத்தினாயா இல்லையா என்று மல்லுக்கு நின்றார்கள். நடுவராக நின்ற பெண் திரையைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், “லேக் ஆயிடுச்சு, மறுபடி ஆடுங்க” என்றார். இருவரில் ஒருவன் அவருக்குத் தம்பியா என்பதை விசாரிக்காமல் வந்துவிட்டதால் ஒப்பீடு பாதியில் நிற்கிறது.